மனிதரைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் அங்கேரிய இணைகளும்

மனிதரின் குணம், தோற்றம், அறிவு, நடத்தை, சமூக நிலை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சுட்டும் மரபுத்தொடர்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. ஆங்கிலத்தில் வழங்கும் இத்தகைய தொடர்களுக்கு அங்கேரிய மொழியில் உள்ள இணைகளை இக்கட்டுரை விளக்குகிறது. மரபுத்தொடர் என்பது அதிலுள்ள சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பெற முடியாத பொருளைத் தரும் சொற்றொடர் ஆகும். ஆகவே ஒரு மொழியின் மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பெரும்பாலும் பொருள் சிதைந்துவிடும். அத்தொடர் ஒரு மனிதரைக் குறிப்பதாயின் சிக்கல் மேலும் கூடுகிறது. பாராட்டு கேலியாகவும், கேலி வசையாகவும் மாறிவிடக்கூடும்.

ஆங்கிலமும் அங்கேரியமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் செருமானியக் கிளையைச் சேர்ந்தது. அங்கேரியம் யூரலிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னிய மொழி, எசுத்தோனிய மொழி ஆகியன அதன் தொலைவான உறவு மொழிகள். எனினும் இரு மொழிகளிலும் பல மரபுத்தொடர்கள் ஒன்றுபோலவே அமைந்துள்ளன. மரபுத்தொடர்கள் மொழிக்குடும்ப வழியில் மட்டும் வருவன அல்ல. சமயம், கல்வி, அண்டை நாட்டுத் தொடர்பு, போர் ஆகியவற்றின் வழியாகவும் பரவுகின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒலிப்பு பற்றிய குறிப்பு

இக்கட்டுரையில் அங்கேரியச் சொற்கள் ஒலிப்பைத் தழுவித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அங்கேரிய மொழியில் எப்போதும் முதல் அசையே அழுத்தம் பெறும். குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். உதடு குவித்து ஒலிக்கும் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்து இல்லாததால், அவை நெருக்கமான ஒகர, உகர எழுத்துகளால் குறிக்கப்பட்டுள்ளன.

ஒப்புமையின் வகைகள்

இரு மொழிகளின் மரபுத்தொடர்களை ஒப்பிடும்போது மூன்று கூறுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலாவது, தொடர் காட்டும் காட்சி. இரண்டாவது, அது குறிக்கும் பொருள். மூன்றாவது, சொல்பவரின் தொனி, அதாவது அது பாராட்டா, பரிவா, கேலியா, இகழ்ச்சியா என்பது. இவற்றின் அடிப்படையில் ஆங்கில-அங்கேரிய இணைகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

• காட்சி, பொருள், தொனி மூன்றும் ஒத்தவை
• பொருள் ஒத்து, காட்சி சற்றே மாறியவை
• பொருள் ஒத்து, காட்சி முற்றிலும் வேறானவை
• காட்சி ஒத்ததுபோல் தோன்றி, பொருளோ தொனியோ மாறுபடுபவை

இவற்றுள் மொழி கற்போர் மிகுதியும் தவறு செய்வது கடைசி வகையிலேயே ஆகும். காட்சி வேறாக இருப்பின் கற்பவர் எச்சரிக்கையுடன் அகராதியைப் பார்ப்பார். காட்சி ஒத்திருந்தால் ஐயமே எழுவதில்லை.

காட்சியும் பொருளும் ஒத்தவை

இவ்வகையில் அடங்கும் பல தொடர்களுக்கு விவிலியம், ஈசாப்பு கதைகள், இலத்தீனியக் கல்வி ஆகியவை பொது ஊற்றாக விளங்குகின்றன. நல்லவர்போல் நடிக்கும் தீயவரை ஆங்கிலத்தில் "ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்" என்பர். அங்கேரியத்தில் "பாராஞ்போர்பெ பூய்ட் ஃபர்கஷ்", அதாவது "ஆட்டுக்குட்டித் தோலுக்குள் ஒளிந்த ஓநாய்" என்பர். இது மத்தேயு நற்செய்தி 7:15இல் போலித் தீர்க்கதரிசிகளைப் பற்றிய எச்சரிக்கையிலிருந்து வந்தது. அங்கேரிய மொழியில் முழு விவிலியம் முதன்முதலில் 1590இல் விசோய் என்னும் ஊரில் அச்சாயிற்று. ஆங்கிலத்தின் புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் பதிப்பு 1611இல் வெளிவந்தது. இரு நாட்டு மக்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நூலைத் தத்தம் மொழியில் கேட்கத் தொடங்கியதால், அதன் உவமைகள் இரு மொழிகளிலும் வேரூன்றின.

கிடைக்காததை இழித்துப் பேசுபவரைச் சுட்டும் "புளித்த திராட்சை" என்னும் தொடர் ஈசாப்பின் நரிக் கதையிலிருந்து வந்தது. அங்கேரியத்தில் "ஷவஞூ அ ஸோலோ", அதாவது "திராட்சை புளிக்கிறது" என்பர். இவ்வகையில் வேறு சில:

• மிகவும் வறியவர்: ஆங்கிலத்தில் "தேவாலயத்து எலியைப் போல் ஏழை", அங்கேரியத்தில் "ஸெகேஞ், மின்ட் அ டெம்ப்லொம் எகெரெ". பொருளும் அதுவே.
• நம்பிக்கைக்குரிய உதவியாளர்: இரு மொழிகளிலும் "வலக்கை".
• பெற்றோரை ஒத்த பிள்ளை: இரு மொழிகளிலும் ஆப்பிள் தன் மரத்தை விட்டுத் தொலைவில் விழுவதில்லை.
• உயர்குடிப் பிறந்தவர்: இரு மொழிகளிலும் "நீலக் குருதி" உடையவர்.
• இரக்கமற்றவர்: இரு மொழிகளிலும் "கல்நெஞ்சர்". அங்கேரியச் சொல் "கோஸீவூ". யோகாயி மோர் என்னும் எழுத்தாளர் 1869இல் வெளியிட்ட புகழ்பெற்ற புதினத்தின் தலைப்பு "கல்நெஞ்ச மனிதனின் மைந்தர்கள்" என்பதாகும்.

காட்சி சற்றே மாறியவை

இவ்வகையில் உவமையின் சட்டகம் ஒன்றாகவே இருக்கும். அதில் இடம்பெறும் விலங்கோ உறுப்போ பொருளோ மட்டும் மாறும்.

குடும்பத்துக்கு இழுக்குத் தேடித் தருபவர் ஆங்கிலத்தில் "கறுப்பு ஆடு". அங்கேரியத்தில் "ஃபெகெட்டெ பாராஞ்", அதாவது "கறுப்பு ஆட்டுக்குட்டி". ஓயாது நூல் படிப்பவர் ஆங்கிலத்தில் "புத்தகப் புழு". அங்கேரியத்தில் "கோஞ்வ்மொய்", அதாவது "புத்தக அந்து". நயமின்றி நடந்து எல்லாவற்றையும் கெடுப்பவர் ஆங்கிலத்தில் "பீங்கான் கடையில் புகுந்த காளை". அங்கேரியர் அங்கே காளைக்குப் பதிலாக யானையை நிறுத்துகின்றனர். யானை இயற்கையாக வாழாத நாடு அங்கேரி. செருமன் உள்ளிட்ட வேறு சில ஐரோப்பிய மொழிகளிலும் இத்தொடரில் யானையே வருகிறது.

கோழையை ஆங்கிலம் "கோழிக்குஞ்சு" என்று இகழும். அங்கேரியம் "ஜாவ ஞூல்", அதாவது "கோழை முயல்" என்னும். நெஞ்சுறுதி அற்றவருக்கு "முயல் நெஞ்சர்" என்ற சொல்லும் உண்டு. அறிவு குறைந்தவர் ஆங்கிலத்தில் "பறவை மூளையர்". அங்கேரியத்தில் "ட்யூக்எஸூ", அதாவது "பெட்டைக்கோழி அறிவினர்". கோழி இரு மொழிகளிலும் இழிவுக்கு ஆளானாலும், ஒன்றில் அதன் அச்சமும் மற்றொன்றில் அதன் அறிவின்மையும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கைவேலையில் திறனற்றவர் ஆங்கிலத்தில் "விரலெல்லாம் கட்டைவிரல்" ஆனவர். அங்கேரியத்தில் "கேட்பல்கெஸெஷ்", அதாவது "இரண்டு இடக்கைகள் உடையவர்". சிறு திருட்டில் பழகியவர் ஆங்கிலத்தில் "ஒட்டும் விரலர்". அங்கேரியத்தில் "எஞ்வெஷ்கெஸூ", அதாவது "பசை பூசிய கையர்". கட்சியோ கொள்கையோ மாறுபவர் ஆங்கிலத்தில் தம் மேலங்கியைத் திருப்பிப் போட்டவர். அங்கேரியத்தில் "கோப்போஞெக்ஃபொர்கடோ", அதாவது "போர்வையங்கியைத் திருப்புபவர்".

அனுபவம் இல்லாத இளையவரை ஆங்கிலத்தில் "பச்சைக் கொம்பர்" என்றும், "காதின் பின்புறம் ஈரம் காயாதவர்" என்றும் கூறுவர். அங்கேரியச் சொல்லான "ஸோல்ட்ஃபுலூ" என்பதற்குப் "பச்சைக் காதர்" என்பது பொருள். ஆங்கிலத்தின் இரு தொடர்களிலிருந்தும் ஒவ்வொரு பாதியை எடுத்துக் கோத்ததுபோல் இது அமைந்திருப்பது சுவையானது. "பின்புறத்தில் இன்னும் முட்டையோடு ஒட்டியிருக்கிறது" என்றும் அங்கேரியர் இத்தகையவரைக் கேலி செய்வர்.

காட்சி முற்றிலும் வேறானவை

மனிதரின் அன்றாடச் செயல்களை உவமையுடன் சொல்லும் தொடர்களில் இவ்வேறுபாடு மிகுதியாகத் தெரிகிறது.

• ஆழ்ந்து உறங்குபவர்: ஆங்கிலத்தில் மரக்கட்டையைப் போல் உறங்குகிறார். அங்கேரியத்தில் "அல்ஸிக், மின்ட் அ புன்ட", அதாவது கம்பளித் தோலாடையைப் போல் உறங்குகிறார். பாலைப் போல் உறங்குகிறார் என்றும் கூறுவர்.
• அளவின்றிக் குடிப்பவர்: ஆங்கிலத்தில் மீனைப் போல் குடிக்கிறார். அங்கேரியத்தில் "இஸிக், மின்ட் அ கெஃபெகோட்டோ", அதாவது தூரிகை கட்டும் தொழிலாளியைப் போல் குடிக்கிறார். செருமன் மொழியிலும் இதே தொடர் உண்டு. கூழைக்கடாவைப் போல் குடிக்கிறார் என்பது மற்றொரு வழக்கு. அங்கேரிய உவமைகளில் மீன் குடிப்பதில்லை. அது பேசாமைக்கே அடையாளம்.
• நல்ல உடல்நலம் உடையவர்: ஆங்கிலத்தில் பிடில் வாத்தியத்தைப் போல் இருக்கிறார். அங்கேரியத்தில் ஓக் மரத்தின் கொட்டையைப் போல் நலமாக இருக்கிறார். இவ்வுவமை "மக்எகேஸ்ஷேகெஷ்" என்று ஒரே சொல்லாகவும் இறுகிவிட்டது.
• மனமகிழ்ச்சியில் திளைப்பவர்: ஆங்கிலத்தில் பஞ்ச் என்னும் பொம்மலாட்டப் பாத்திரத்தைப் போல் களிக்கிறார். அங்கேரியத்தில் தன் வாலைக் கண்ட குரங்கைப் போல் களிக்கிறார்.
• கூசாமல் பொய் சொல்பவர்: ஆங்கிலத்தில் பற்களின் ஊடே பொய் சொல்கிறார். அங்கேரியத்தில் ஓடும் நீரைப் போல், அல்லது புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோல் பொய் சொல்கிறார்.
• கஞ்சர்: ஆங்கிலத்தில் இறுகிய கைமுட்டி உடையவர். அங்கேரியத்தில் "ஃபொகாஹொஸ் வெரி அ கரஷ்ட்", அதாவது காசைப் பல்லில் தட்டிப் பார்ப்பவர். கரஷ் என்பது பழைய சிறு நாணயம்.

சித்தம் சற்றே பிறழ்ந்தவரை ஆங்கிலத்தில் "ஒரு திருகாணி தளர்ந்தவர்" என்றும், "முழுச் சீட்டுக்கட்டு இல்லாமல் ஆடுபவர்" என்றும் கூறுவர். அங்கேரியர் "ஹியாஞ்ஸிக் எஜ் கெரெகெ" என்பர். "அவருக்கு ஒரு சக்கரம் குறைகிறது" என்பது இதன் பொருள். "அவர் நூறு அல்லர்" என்றும் கூறுவதுண்டு. திருகாணி, சீட்டு, சக்கரம், எண் என்று கருவி எதுவாயினும், முழுமையில் ஏதோ ஒன்று குறைகிறது என்னும் எண்ணம் பொதுவாக உள்ளது.

இருவருக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதைச் சொல்ல ஆங்கிலம் "ஒன்று ஆறு, மற்றொன்று அரை டசன்" என்று கணக்கைக் கையாள்கிறது. அங்கேரியமும் கணக்கையே நாடுகிறது: "ஒருவர் பத்தொன்பது, மற்றவர் இருபதுக்கு ஒன்று குறைவு." பெரும்பாலும் இருவருமே குறையுடையவர்கள் என்னும் குறிப்போடு இது சொல்லப்படும். தோற்றத்தில் ஒத்த இருவர் ஆங்கிலத்தில் ஒரே நெற்றின் இரு பட்டாணிகள். அங்கேரியத்தில் இரண்டு முட்டைகள்.

ஏற்கனவே இருப்பதையே புதிதாகக் கண்டுபிடிப்பவரை ஆங்கிலத்தில் "சக்கரத்தை மறுபடியும் கண்டுபிடிப்பவர்" என்பர். மென்பொருள் துறையில் இத்தொடர் மிகுதியாகப் புழங்குகிறது. அங்கேரியத்தில் அவர் "ஸ்பானிய மெழுகைக் கண்டுபிடித்தவர்". ஸ்பானிய மெழுகு என்பது கடிதங்களை மூடி முத்திரையிடப் பயன்பட்ட அரக்கு ஆகும்.

தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்து துணிவற்றுப் போனவரை அங்கேரியர் "அஞாமஸ்ஸொஞ் கடொனாய", அதாவது "என் தாயாரின் படைவீரன்" என்பர். ஆங்கிலத்தில் இதற்கு "அம்மா பிள்ளை" என்னும் பொருளில் சொல் உண்டு. ஆயினும் வீரன் என்று சொல்லியே வீரத்தை மறுக்கும் நயம் ஆங்கிலத் தொடரில் இல்லை.

வரலாறு படிந்த தொடர்கள்

சில தொடர்கள் அவ்வம்மொழி பேசுவோரின் வரலாற்றைத் தம்முள் வைத்துள்ளன.

துருக்கியர்: 1526இல் மொஹாச் என்னும் இடத்தில் நடந்த போரில் அங்கேரியப் படை உதுமானியப் பேரரசிடம் தோற்றது. 1541இல் புடா நகரம் உதுமானியர் வசமாகி, 1686 வரை அவர்களிடமே இருந்தது. தன்னால் சமாளிக்க முடியாத எதிராளியுடன் சிக்கிக்கொண்டவரை அங்கேரியர் "டோரோகோட் ஃபொகொட்", அதாவது "துருக்கியனைப் பிடித்துவிட்டான்" என்பர். இதனோடு சேர்ந்து வழங்கும் கதையில், ஒரு வீரன் தான் ஒரு துருக்கியனைப் பிடித்துவிட்டதாகக் கூவுகிறான். அவனை இங்கே கொண்டுவா என்று தோழர்கள் கூற, அவன் வர மறுக்கிறான் என்கிறான். அப்படியானால் விட்டுவிட்டு வா என்றால், அவன் என்னை விடமாட்டேன் என்கிறானே என்று பதில் வருகிறது. ஆங்கிலத்தில் இதே பொருளில் "தாத்தாரியனைப் பிடித்தல்" என்னும் தொடர் உண்டு. இதே கதையும் உண்டு. பிடிபட்டவனின் இனம் மட்டுமே மாறியுள்ளது. அங்கேரியருக்குத் துருக்கியன் 150 ஆண்டுகள் வீட்டு வாசலில் நின்ற பகைவன். ஆங்கிலேயருக்குத் தாத்தாரியன் கேள்வியில் மட்டும் அறிந்த தொலைதூரப் போர்வீரன்.

வண்டி: வாய் கூசாமல் வசைபாடுபவர் ஆங்கிலத்தில் குதிரைப்படை வீரனைப் போல் வைகிறார். அங்கேரியத்தில் "கொச்சிஷ்", அதாவது வண்டியோட்டியைப் போல் வைகிறார். வண்டியைக் குறிக்கும் "கொச்சி" என்னும் அங்கேரியச் சொல், அங்கேரியின் வடமேற்கிலுள்ள கொச் என்னும் சிற்றூரின் பெயரிலிருந்து பிறந்தது. அவ்வூரில் செய்யப்பட்ட விரைவான குதிரை வண்டிகள் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றன. ஆங்கிலத்தில் பயணிகள் வண்டியைக் குறிக்கும் "கோச்" என்ற சொல்லும் இதிலிருந்தே வந்தது. விளையாட்டுப் பயிற்சியாளரைக் குறிக்கும் "கோச்" என்ற சொல்லும் அதன் வழிவந்ததே. மாணவனைத் தேர்வு வரை "ஏற்றிச் செல்பவர்" என்னும் கருத்தில், முதலில் பல்கலைக்கழக வழக்கில் அப்பொருள் தோன்றியது. இவ்வகையில் ஓர் அங்கேரிய ஊரின் பெயர் ஆங்கிலத்தில் மனிதரைக் குறிக்கும் சொல்லாகவே மாறிவிட்டது.

குதிரை: அங்கேரியரின் முன்னோர் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைகளில் வந்து கார்பாத்தியச் சமவெளியில் குடியேறினர். பிறரைத் தாழ்வாக எண்ணிப் பேசுபவர் ஆங்கிலத்தில் "உயர்ந்த குதிரைமேல்" இருக்கிறார். அங்கேரியத்தில் "லோஹாட்ரோல் பெஸேல்", அதாவது "குதிரை முதுகிலிருந்து பேசுகிறார்". ஒரு குறையைத் திருத்தப் போய் எதிர்க்குறையில் விழுபவர் "குதிரையின் மறுபக்கத்தில் விழுந்தவர்". ஒருவரை ஏமாற்றி முட்டாளாக்குவது ஆங்கிலத்தில் அவரைக் கழுதையாக்குவது. அங்கேரியத்தில் "லோவா டெஸ்", அதாவது அவரைக் குதிரையாக்குவது. குதிரையைப் போற்றிய மக்களின் மொழியிலேயே குதிரை ஏமாளிக்கு உவமை ஆனது.

அங்கேரியத் தொடர்களில் நாய்

நாயைக் குறிக்கும் "குட்ய" என்னும் சொல் மனிதரைப் பற்றிய பல அங்கேரியத் தொடர்களில் வருகிறது. ஆனால் அதன் தொனி இடத்துக்கு இடம் மாறுகிறது.

• "நஜ்குட்ய": "பெரிய நாய்". செல்வாக்கு மிக்கவரைச் சற்றே ஏளனத்தோடு குறிப்பது. ஆங்கிலத்தில் "பிக் ஷாட்" என்பதற்கு இணை.
• "குட்யாபோல் நெம் லெஸ் ஸலொன்ன": "நாயிலிருந்து பன்றிக்கொழுப்பு கிடைக்காது". தீயவர் திருந்தமாட்டார் என்பது பொருள். ஆங்கிலத்தில் "சிறுத்தை தன் புள்ளிகளை மாற்றிக்கொள்ளாது" என்பதற்கு இணை.
• "குட்யபோர்": "நாய்த்தோல்". பிரபுப் பட்டம் வழங்கும் ஆவணத்தைக் குறிக்கும். அதை உடையவர் பிரபு வகுப்பினர்.
• "விஜொரொக், மின்ட் அ ஃபகுட்ய": "மரநாயைப் போல் இளிக்கிறார்". வாய் நிறைய இளிப்பவரைக் குறிப்பது. இங்கு மரநாய் என்பது மரத்தால் ஆன நாய் என்னும் பொருளது. காட்டில் வாழும் மரநாய் அன்று. பலாட்டன் ஏரி உறையும்போது பனிக்கட்டிமேல் செல்லப் பயன்படும் ஒருவகைச் சறுக்கு வண்டிக்கும் "ஃபகுட்ய" என்றே பெயர்.

மனிதரைக் குறிக்கும் பொதுப் பெயர்கள்

யாரேனும் ஒரு சாதாரண மனிதரைக் குறிக்க ஆங்கிலத்தில் "ஜான் சிமித்" என்பர். அங்கேரியத்தில் "கொவாச் யானொஷ்" என்பர். கொவாச் என்பதற்குக் கொல்லர் என்பது பொருள். சிமித் என்பதற்கும் அதுவே. யானொஷ் என்பது ஜான் என்னும் பெயரின் அங்கேரிய வடிவம். அங்கேரியர் குடும்பப் பெயரை முதலில் எழுதுவதால் வரிசை மாறுகிறது. மற்றபடி இரண்டும் ஒரே பெயர்தான். கற்பனை மனிதரைக் குறிக்க "கிப்ஸ் யகப்" என்னும் வேடிக்கைப் பெயரும் உண்டு; கிப்ஸ் என்பது சாந்துப்பூச்சுக்குப் பயன்படும் ஜிப்சம்.

வருவோர் போவோர் எல்லாரையும் சேர்த்து "ஒவ்வொரு டாம், டிக், ஹாரியும்" என்று ஆங்கிலம் கூறும். அங்கேரியத்தில் பெயர்கள் இல்லை. "பொல்டொக்-பொல்டொக்டலன்", அதாவது "மகிழ்ந்தவரும் மகிழாதவரும்" என்பர்.

ஏமாற்றும் ஒப்புமைகள்

குட்ய பய: சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இதற்கு "அவருடைய நாய்த் துன்பம்" என்பது போன்ற பொருள் கிடைக்கும். ஆங்கிலத்தில் "நாயைப் போல் நோயுற்றார்" என்றால் கடும் உடல்நலக் குறைவு என்பதை அறிந்தவர், இதையும் அவ்வாறே கொள்ள இடமுண்டு. உண்மையில் இதன் பொருள் நேர் எதிரானது. "குட்ய பய" என்றால் அவருக்கு ஒரு குறையும் இல்லை, நலமாக இருக்கிறார் என்பதே பொருள். நோயாளியின் நிலையை ஒருவர் விசாரிக்கும் இடத்தில் இப்பிழை நேர்ந்தால் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

எஸெர்மெஷ்டெர்: "ஆயிரம் தொழில் வல்லுநர்" என்பது இதன் நேர்ப்பொருள். அகராதிகள் இதற்கு ஆங்கிலத்தின் "ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ்" என்பதை இணையாகத் தருவதுண்டு. ஆனால் ஆங்கிலத் தொடருக்கு "எதிலும் வல்லவர் அல்லர்" என்னும் வால் ஒட்டிக்கொண்டுள்ளது. ஆகவே அதில் குறை கூறும் தொனி உண்டு. அங்கேரியச் சொல்லோ வீட்டில் எதையும் பழுது பார்க்கத் தெரிந்தவரை மனமாரப் பாராட்டுவது. பொருள் ஒத்தும் தொனி மாறுபடுவதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

வன் போர் அ கேபேன்: "அவர் முகத்தில் தோல் இருக்கிறது" என்பது நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் "தடித்த தோலர்" என்றால் பிறர் பழிப்பால் வருந்தாதவர். அது சில வேளை பாராட்டாகவும் அமையும். அங்கேரியத் தொடரோ வெட்கமின்றித் துணிபவரைக் கண்டிப்பது. இதற்கு உண்மையான இணை, "கன்னம்" என்னும் சொல்லால் துடுக்குத்தனத்தைக் குறிக்கும் ஆங்கில வழக்கே ஆகும்.

ஃபெஹேர் ஹொல்லோ: "வெள்ளை அண்டங்காக்கை". அரிதினும் அரிதானவரைக் குறிப்பது. இதன் நிறத்தைக் கண்டு, பயனற்ற பெருஞ்செலவைக் குறிக்கும் ஆங்கிலத்தின் "வெள்ளை யானை"யோடு இதைத் தொடர்புபடுத்தக் கூடாது.

ககுக்டொயாஷ்: "குயில் முட்டை". ஐரோப்பியக் குயிலும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் பழக்கம் உடையது. ஒரு கூட்டத்தில் பொருந்தாத ஒருவரையோ ஒன்றையோ இச்சொல் குறிக்கும். பள்ளிப் பாடங்களில் "பொருந்தாததைக் கண்டுபிடி" என்னும் வினாவுக்கும் இதுவே பெயர். ஆகவே இதில் வஞ்சகக் குறிப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இலக்கண வேறுபாடுகள்

அங்கேரிய மொழியில் இலக்கணப் பால் வேறுபாடு இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் "ஓ" என்னும் ஒரே பெயர்ச்சொல் வழங்குகிறது. ஆகவே "ஒரு சக்கரம் குறைகிறது" என்னும் தொடர் ஆணைப் பற்றியதா பெண்ணைப் பற்றியதா என்பது சூழலால் மட்டுமே விளங்கும். ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பாளர் பாலைத் தேர்ந்தாக வேண்டும்.

மேலும், ஆங்கிலத்தில் உள்ள "உடைத்தாயிரு" என்னும் பொருள்தரும் வினை அங்கேரியத்தில் இல்லை. ஆங்கிலம் "அவர் தங்க இதயத்தை உடையவர்" என்று கூறும் இடத்தில், அங்கேரியம் "அவருக்குத் தங்க இதயம் உண்டு" என்னும் அமைப்பில் கூறும். இவ்வமைப்பு தமிழுக்கும் இயல்பானது என்பதால், தமிழறிந்தோர் இத்தகைய தொடர்களை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

மொழிபெயர்ப்பில் ஒரு முன்மாதிரி

லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட "ஆலிசின் அற்புத உலகம்" என்னும் நூலில் இளிக்கும் செஷயர் பூனை ஒரு பாத்திரமாக வருகிறது. "செஷயர் பூனையைப் போல் இளித்தல்" என்னும் ஆங்கில மரபுத்தொடர் கரோலுக்கு முன்பே வழங்கியது. அத்தொடரையே அவர் உயிருள்ள பாத்திரமாக்கினார். அங்கேரிய வாசகருக்குச் செஷயர் என்னும் ஆங்கில மாவட்டத்தின் பூனை எதையும் நினைவூட்டாது. 1930களில் இந்நூலை மொழிபெயர்த்த அங்கேரியக் கவிஞர் கொஸ்டொலாஞி தெஸோ (1885-1936) பூனையை விடுத்து, "ஃபகுட்ய"வைக் கதைக்குள் கொண்டுவந்தார். அங்கேரிய மரபில் இளிப்பது மரநாய் அல்லவா?

இம்முடிவால் பூனை என்னும் விலங்கு இழக்கப்பட்டது. ஆனால் வழக்கில் உள்ள ஒரு தொடர் உயிர்பெற்று எதிரே வந்து நிற்கும் வியப்பு காக்கப்பட்டது. மரபுத்தொடரைப் பெயர்க்கும்போது எதைக் காப்பது, எதை விடுவது என்னும் வினாவுக்கு இது தெளிவான விடை தருகிறது. சொற்களை அல்ல, அவை கேட்பவரிடம் செய்யும் வேலையையே பெயர்க்க வேண்டும்.

தொகுப்புகள்

அங்கேரியப் பழமொழிகளின் முதல் பெருந்தொகுப்பே ஓர் ஒப்பீட்டு நூலாக அமைந்தது. எராஸ்முசின் "அடாஜியா" என்னும் தொகுப்பைப் பின்பற்றி, பரஞயி தெச்சி யானொஷ் என்னும் அறிஞர் கிரேக்க, இலத்தீனியத் தொடர்களுக்கு அங்கேரிய இணைகளைத் தந்து 1598இல் நூல் வெளியிட்டார். அது இன்றைய சுலோவாக்கியாவில் உள்ள பார்தெயோவ் நகரில் அச்சாயிற்று. எர்தேயி யானொஷின் பழமொழித் தொகுப்பு 1851இல் வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஓ. நஜ் காபோர் (1915-1973) இத்துறையில் பெரும்பணி ஆற்றினார். மரபுத்தொடர்களின் தோற்றத்தை விளக்கும் அவரது "மி ஃபான் டெரெம்?" என்னும் நூல் 1957இல் வெளியானது. "அது எந்த மரத்தில் காய்க்கிறது?" என்னும் அத்தலைப்பே, ஒன்று என்னவென்று வினவும் மரபுத்தொடர் ஆகும். அவரது பெருந்தொகுப்பு 1966இல் வெளிவந்தது. ஆங்கில-அங்கேரிய இணைகளுக்கு ஒர்சாக் லாஸ்லோ (1907-1984) தொகுத்த பேரகராதிகள் நெடுங்காலம் அடிப்படையாக விளங்கின.

வேறு சில இணைகள்

• காலையிலேயே எரிச்சலுடன் இருப்பவர்: ஆங்கிலத்தில் கட்டிலின் தவறான பக்கத்தில் எழுந்தவர், அங்கேரியத்தில் இடக்காலால் எழுந்தவர்.
• தன் ஆற்றலை மீறிய செயலைத் தொடங்கியவர்: ஆங்கிலத்தில் மெல்ல முடியாத அளவு கடித்தவர், அங்கேரியத்தில் பெரிய மரத்தில் கோடரியைப் பாய்ச்சியவர்.
• ஓயாது சண்டையிடுவோர்: இரு மொழிகளிலும் நாயும் பூனையும்.
• பலர் தலையிட்டால் செயல் கெடும்: ஆங்கிலத்தில் சமையற்காரர் பலரானால் குழம்பு கெடும், அங்கேரியத்தில் மருத்துவச்சிகள் பலரானால் குழந்தை இழக்கப்படும்.
• திகைத்து விழிப்பவர்: ஆங்கிலத்தில் வண்டி விளக்கின் ஒளியில் அகப்பட்ட மான், அங்கேரியத்தில் புதிய வாயிற்கதவைப் பார்க்கும் கன்று.
• கூரிய கவனம் உடையவர்: ஆங்கிலத்தில் கழுகுக் கண்ணர், அங்கேரியத்தில் "ஸெம்ஃபுலெஷ்", அதாவது கண்ணும் காதுமாக இருப்பவர்.

இவற்றையும் பார்க்க

• மரபுத்தொடர்
• பழமொழி
• அங்கேரிய மொழி
• யூரலிய மொழிகள்